பயிற்சிக்குப் பின் தொடங்கும் பாடம்

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்தது. கூடவே தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தது. நூறு மதிப்பெண்ணில் 60 பருவத் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த நாற்பதில் ஒரு பகுதி மாணவர்களின் செயல்பாடுகளுக்கும் செயல்திட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் இது பெரிய திருப்பம். நடைமுறையில் என்ன ஆனது என்பது பெற்றோர் பலருக்கும் தெரியும். ஞாயிறு மாலை ஸ்டேஷனரி கடையில் சார்ட் பேப்பரும் படங்கள் அச்சிட்ட தாளும் வாங்குவார்கள். இரவு அம்மாவோ அக்காவோ ‘புராஜெக்ட்’டை ஒட்டி முடிப்பார்கள். மறுநாள் அதில் ஆசிரியரின் கையொப்பம் விழும். செயல்திட்டத்தின் வடிவம் பள்ளிக்கு வந்துவிட்டது. அது உண்டாக்க வேண்டிய கற்றல் வெளியிலேயே நின்றுவிட்டது.

இதற்கு ஆசிரியர்களின் ஆர்வமின்மையைக் காரணம் காட்டுவது எளிது. ‘இன்னும் பயிற்சி கொடுக்க வேண்டும்’ என்பது அடுத்த எளிய விடை. செயல்திட்டவழிக் கற்றலைப் பல ஆண்டுகள் விடாமல் முயன்ற இடங்களின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. ஆசிரியர் இந்த முறையை உண்மையில் கற்பது, பயிற்சி முடிந்து தன் வகுப்பில் அதை முதன்முதலாகச் செய்து தடுமாறும் மாதங்களில்தான். அந்த மாதங்களில் அவரைச் சுற்றி என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதைப் பொறுத்தே மாற்றம் நிலைக்கிறது, அல்லது பழைய வழிக்குத் திரும்புகிறது. மத்தியப் பிரதேசத்தில் 30 ஆண்டுகள் நடந்த ஒரு முயற்சியையும் அமெரிக்காவில் நடந்த சில ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

பழைய அச்சு

செயல்திட்ட முறைக்கு வயது நூறுக்கு மேல். ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் மரவேலை செய்தும், அவற்றின் வழியே கணக்கும் அறிவியலும் வரலாறும் படித்தனர். வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரை ‘புராஜெக்ட் மெத்தட்’ என்ற பெயரைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. காந்தி 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் நடுவே வைத்தது. இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு தலைமுறையிலும் இது ‘புதிய முறை’ என்றே அறிமுகமாகிறது. கருத்து எத்தனை முறை வந்தாலும் வகுப்பறை அதை ஏன் வெளியே தள்ளிவிடுகிறது?

சமூகவியலாளர் டான் லார்ட்டி ஆசிரியத் தொழிலைப் பற்றி 1975இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்கும் ஓர் அமெரிக்க மாணவர் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு எந்தத் தொழிலிலும் நுழைபவருக்கு இவ்வளவு நீண்ட முன்பழக்கம் கிடையாது. கல்வியியல் கல்லூரியில் படிக்கும் கோட்பாடு அந்தப் பழக்கத்தின் மேல் பூசும் மெல்லிய பூச்சுதான். வகுப்பில் கூச்சல் எழுந்ததும், நேரம் போதாமல் போனதும், பத்தாம் வயதில் தன் ஆசிரியர் செய்ததைத்தான் இவருடைய கையும் குரலும் தேடிப் போகின்றன.

கல்வி ஆய்வாளர் டேவிட் கோஹன் 1990இல் எழுதிய ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. கலிஃபோர்னியாவில் கணிதப் பாடத்தைச் சீர்திருத்தியபோது, அதை மனமார ஏற்றுக்கொண்ட ஓர் ஆசிரியையின் வகுப்பை அவர் கூர்ந்து கவனித்தார். ‘திருமதி ஓப்லியே’ என்பது அவருக்குக் கோஹன் வைத்த புனைபெயர். ஆசிரியை புதிய பொருட்களைப் பயன்படுத்தினார். பிள்ளைகளைக் குழுக்களாக உட்காரவைத்தார். ஆனால் கேள்விகளும், சரியான விடையை நோக்கிய ஓட்டமும், பேசும் உரிமை யாருக்கு என்பதும் பழையபடியே இருந்தன. தாம் அடியோடு மாறிவிட்டதாக அவர் நேர்மையாகவே நம்பினார். நம்முடைய சார்ட் பேப்பர் செயல்திட்டமும் இதே வகைதான். அதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. புதிய கட்டளையைப் பழைய அச்சில் வார்த்தால் அப்படித்தான் வரும்.

ஆசிரியரிடம் கேட்கப்படுவது என்ன?

செயல்திட்டவழிக் கற்றல் ஆசிரியரிடம் கேட்பது ஒரு புதிய உத்தியை மட்டும் என்றால் சில நாள் பயிற்சி போதும். அது கேட்பது அதைவிடப் பெரிது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபில்லிஸ் புளூமென்ஃபெல்ட், ஜோசஃப் கிராய்சிக், ரோனால்ட் மார்க்ஸ், எலியட் சோலோவே ஆகியோர் 1990களில் நடுநிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்து, அவர்களுடைய இடர்ப்பாடுகளைப் பதிவு செய்தனர். முதல் இடர்ப்பாடு நேரம். செயல்திட்டம் திட்டமிட்டதைவிட நீளும். ஆசிரியர் போர்ஷனை முடிக்க வேண்டும். அடுத்தது கட்டுப்பாடு. பிள்ளைகளைத் தாமாக இயங்க விட்டால் வகுப்பு கையைவிட்டுப் போகிறது, இழுத்துப் பிடித்தால் செயல்திட்டம் செத்துவிடுகிறது. எவ்வளவு உதவுவது என்பதிலும் குழப்பம். விடையைச் சொல்லிவிட்டால் தேடல் முடிந்துவிடுகிறது. சொல்லாவிட்டால் பிள்ளைகள் திக்குத் தெரியாமல் நிற்கிறார்கள். கடைசியில், பிள்ளைகள் உண்மையில் எதைப் புரிந்துகொண்டார்கள் என்று எப்படி மதிப்பிடுவது?

இவற்றில் எதற்கும் கையேட்டில் விடை எழுதிவைக்க முடியாது. ஒவ்வொன்றும் வகுப்பு நடக்கும்போதே, அந்த நொடியில், அந்தப் பிள்ளையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டனர். ஆசிரியர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதில்லை. ஒன்றிரண்டு சிக்கல்களைப் பிடித்துக்கொண்டு, முன்னேறி, பின்வாங்கி, மறுபடி முன்னேறுகிறார்கள். எனவே ஆய்வாளர்கள் வடிவமைத்த முறை மூன்று படிகளாகச் சுழன்றது: சக ஆசிரியர்களோடு கூடித் திட்டமிடுவது, வகுப்பில் செய்து பார்ப்பது, நடந்ததைத் திரும்பிப் பார்த்து யோசிப்பது. அடுத்த கூடல் அந்த யோசனையிலிருந்து தொடங்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கட்டுரைகளாக எழுதுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நர்மதைக் கரையில் ஓர் இந்திய மாவட்டம் ஏறத்தாழ இதே சுழற்சியை அரசுப் பள்ளிகளில் தொடங்கியிருந்தது.

ஹோஷங்காபாத்தின் ஏற்பாடு

இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் 1972இல் மாநில அரசின் அனுமதியோடு 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஒரு சோதனையைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவியவர் அனில் சத்கோபால். டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர்கள் குழுவாக வந்து சேர்ந்தனர். 1978இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் இதை முன்னெடுத்துச் செல்வதற்கென்றே ‘ஏகலவ்யா’ என்ற நிறுவனம் உருவானது.

ஆறு முதல் எட்டு வகுப்புவரை ‘பால் வைஞானிக்’ என்ற பயிற்சிப் புத்தகம் இருந்தது. சோதனையை எப்படிச் செய்வது என்று அது சொல்லும், கேள்விகளைக் கேட்கும், விடைகளைத் தராது. பிள்ளைகள் நான்கு நான்கு பேராகக் குழு சேர்ந்து விதை முளைக்கவைத்தார்கள், மண்ணை ஆராய்ந்தார்கள், வயலுக்கும் ஓடைக்கும் போய் இலையும் பூச்சியும் சேகரித்தார்கள், பகடையை உருட்டி நிகழ்தகவைக் கணக்கிட்டார்கள். கண்டிப்பான வரையறையில் இதை ‘செய்து கண்டறியும் முறை’ என்றே சொல்ல வேண்டும். ஆனால் செயல்திட்டவழிக் கற்றல் ஆசிரியரிடம் கேட்பது எதுவோ அதையேதான் இதுவும் கேட்டது. வகுப்பில் என்ன விடை வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாத நிலையில் நின்று பாடம் நடத்த வேண்டும்.

இதற்கு ஆசிரியர்களைத் தயார்செய்த விதம்தான் நம் கவனத்துக்குரியது. கோடை விடுமுறையில் சுமார் மூன்று வாரப் பயிற்சி. வகுப்புக்கு ஒன்றாக மூன்று கோடைகள். அங்கே எப்படிக் கற்பிப்பது என்ற விரிவுரைகளுக்கு இடம் குறைவு. ஆசிரியர்களே நான்கு பேர் குழுக்களாக உட்கார்ந்து, பிள்ளைகள் செய்யப்போகும் அதே சோதனைகளைச் செய்தார்கள். ஒரு குழுவின் அளவீடு இன்னொரு குழுவின் அளவீட்டோடு ஒத்துப்போகாதபோது ஏன் என்று வாதிட்டார்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரும் அங்கே மறுபடி கற்பவராக ஆனார். லார்ட்டி சொன்ன 13,000 மணி நேரப் பழக்கத்தை உடைக்க அறிவுரையால் முடியாது. கற்பவராக இருப்பதன் வேறொரு அனுபவம்தான் அதோடு போட்டியிட முடியும்.

ஆனால் கோடைப் பயிற்சி தொடக்கம் மட்டுமே. ஜூலையில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் தனியாகிவிடுகிறார். நாற்று நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் பாய்ச்சாவிட்டால், நட்டவர் எவ்வளவு திறமையாக நட்டிருந்தாலும் பயிர் பிடிக்காது. ஹோஷங்காபாத்தில் அந்த வேலையைச் செய்தவை இரண்டு. ஒன்று, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டம். சென்ற மாதம் எந்தச் சோதனை சொதப்பியது, பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை, அடுத்த அத்தியாயத்தில் எங்கே சிக்கல் வரும் என்பவைதான் அதன் பொருள். மற்றொன்று, அனுபவம் பெற்ற ஆசிரியர்கள் சக ஆசிரியர்களின் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பில் உடனிருப்பது. இவர்கள் ஆய்வாளர் பதவியில் வந்தவர்கள் அல்லர். குறை எழுதும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. காலப்போக்கில் இப்படிப்பட்ட ஆசிரியர்களே கோடைப் பயிற்சிகளின் கருத்தாளர்களாகவும் ஆனார்கள். நேற்று தடுமாறியவர் இன்று தடுமாறுபவருக்குத் துணையாக வந்தார்.

கருவிகளின் கதையும் இதோடு சேர்ந்ததே. பளபளக்கும் ஆய்வுக்கூடப் பெட்டி கிராமப் பள்ளிக்கு வந்தால் பூட்டிய பீரோவுக்குள் போய்விடும். உடைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். எனவே அருகில் கிடைக்கும் மலிவான பொருட்களைத் தேடினார்கள். ஊசிக்குப் பதில் கருவேல முள் போதுமானதாக இருந்தது. ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் வேலையிலிருந்து விடுப்பெடுத்துக்கொண்டு இங்கே வந்தபோதுதான், சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சிகளையும் கொண்டு வடிவங்கள் கட்டும் முறையை உருவாக்கினார். ‘உடைந்துவிடுமோ’ என்ற அச்சம் போனால்தான் ஆசிரியர் பொருளைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பார்.

எல்லாவற்றையும்விடத் துணிச்சலான மாற்றம் தேர்வில் நடந்தது. எட்டாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வு திறந்த புத்தகத் தேர்வானது; செய்முறைத் தேர்வும் சேர்ந்தது. புத்தகத்தில் விடையே இல்லாதபோது அதைத் திறந்துவைத்து எழுதுவதில் என்ன குற்றம்? வினாத்தாள் தயாரிப்பதும் மதிப்பிடுவதும் ஆசிரியர்கள் பங்கேற்ற பட்டறைகளாக நடந்தன. ஆண்டு முழுவதும் செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, கடைசியில் மனப்பாடத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை யாரும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் வளரறி மதிப்பீடு மதிப்பெண்ணில் 40 விழுக்காட்டை மாற்றியது. மீதி 60 எழுத்துத் தேர்வின் கையிலேயே இருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அதற்கும் மேலே நின்றுகொண்டிருந்தது.

நம்பிக்கை பின்னால் வரும்

சீர்திருத்தம் செய்பவர்கள் பொதுவாக முதலில் ஆசிரியரின் மனதை மாற்றப் பார்க்கிறார்கள். ஊக்க உரை, எழுச்சி மிக்க தொடக்க விழா, உறுதிமொழி. மனம் மாறினால் நடைமுறை மாறும் என்பது கணக்கு. கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக் காட்டினார். ஆசிரியர் முதலில் புதிய ஒன்றைச் செய்து பார்க்கிறார். அதனால் தன் மாணவர்களிடம் கண்கூடான மாற்றம் வருகிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய நம்பிக்கை மாறுகிறது. இது சரியானால் நடைமுறைக்கு ஒரு பாடம் உண்டு. ஐயத்தோடு இருக்கும் ஆசிரியரை எதிரியாகக் கருத வேண்டியதில்லை. பலனைக் கண்ணால் பார்க்கும் நாள்வரை அவர் முயற்சியை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இடைப்பட்ட காலத்தில் பலன் கண்ணில் படாது. கூச்சலும் குழப்பமும்தான் படும். கைவிடத் தோன்றுவதும் அப்போதுதான்.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அளவீடு தருகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரித் தரத்திலான ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ பாடங்கள் உண்டு. அவற்றில் அரசியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய இரண்டையும் செயல்திட்டங்கள் வழியே நடத்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து ‘நாலெட்ஜ் இன் ஆக்‌ஷன்’ என்ற பாடத்திட்டத்தை வகுத்திருந்தனர். தென்கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஐந்து கல்வி மாவட்டங்களில், 74 பள்ளிகளில், 3,645 மாணவர்களிடம், பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தனர். செயல்திட்டவழி வகுப்புகளில் தேர்ச்சிக்குரிய மதிப்பெண் பெற்றவர்களின் பங்கு, வழக்கமான வகுப்புகளைவிட முதல் ஆண்டிலேயே சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல். இரண்டாம் ஆண்டும் அதே முறையில் நடத்திய ஆசிரியர்களின் மாணவர்களிடம் இடைவெளி சுமார் 10 புள்ளிகள்.

இந்த எண்களோடு அந்த ஆசிரியர்களுக்குக் கிடைத்தவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோடையில் நான்கு நாள் பயிற்சி. ஆண்டின் நடுவே நான்கு முழுநாள் கூடல்கள். தேவைப்படும்போது கூப்பிட்டுப் பேச ஒரு வழிகாட்டி. பாடத்திட்டமும் ஆயத்தமாக இருந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் சூனியத்திலிருந்து செயல்திட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பாடத்திட்டம் ஆயத்தமாக இருந்தால் ஆசிரியரின் சுதந்திரம் பறிபோகும் என்று அஞ்சுவோர் உண்டு. ஹோஷங்காபாத்தின் பால் வைஞானிக்கும் ஆயத்தமான புத்தகம்தான். பிடித்து நிற்க ஒரு கம்பு இருந்தால்தான் புதியவருக்குப் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்க்கக் கவனம் மிஞ்சும்.

ஆசிரியர் மாறினால் போதுமா?

ஹோஷங்காபாத் திட்டத்தை மத்தியப் பிரதேச அரசு 2002இல் நிறுத்தியது. அப்போது அது பல மாவட்டங்களில் சுமார் ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்தது. ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர், பயனில்லை. முப்பது ஆண்டு அனுபவம் ஆசிரியர்களின் கைகளில் இருந்தது. ஆனால் மாதக் கூட்டத்துக்கான ஆணை, பள்ளிக்குச் செல்லும் பயணப்படி, கருவிகளை நிரப்பும் நிதி, தனித் தேர்வு ஆகிய அனைத்தும் அரசின் கையில் இருந்தன. இவை போனதும், தனி ஆசிரியர் தன் வகுப்பில் எவ்வளவு தொடர முடியும் என்பது அவருடைய பிடிவாதத்தைப் பொறுத்ததாகிவிட்டது. கற்பித்தலைப் பற்றிப் பேசும்போது நிர்வாக விவரங்களைச் சில்லறையாக நினைக்கிறோம். மாற்றத்தின் ஆயுளை அந்தச் சில்லறைகள்தாம் முடிவு செய்கின்றன.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையை ஒட்டி, 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. கற்றல் ஏணி, பாட அட்டைகள், பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்த்திய கரும்பலகை, தரையில் பிள்ளைகளோடு உட்காரும் ஆசிரியர் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. இவ்வளவு விரைவாக இவ்வளவு பள்ளிகளுக்கு ஒரு முறையைக் கொண்டுசேர்த்தது சாதனைதான். ஆனால் அட்டைகளைப் பெட்டியில் அடைத்து எல்லா ஊருக்கும் அனுப்பிவிடலாம். எந்தப் பிள்ளையை எந்த அட்டையில் எவ்வளவு நேரம் நிறுத்துவது, எப்போது ஏணியை மீறுவது என்ற தீர்மானத்தை அப்படி அனுப்ப முடியாது. அது ஒவ்வோர் ஆசிரியரிடமும் மெதுவாக ஊற வேண்டும். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது, தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் மீண்டும் ஒரு புதிய தொடக்கத்தில் நின்றார்கள். முறைகள் மாறுவது தவறில்லை. ஒரு முறையில் ஆசிரியர்கள் சேர்த்த அனுபவம் அடுத்த முறையின் வடிவமைப்புக்குள் போக வழி வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் கல்வி ஆய்வாளர் சிந்தியா கோபர்ன் 2003இல் எழுதிய கட்டுரை உதவும். ஒரு சீர்திருத்தம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது என்று எண்ணுவது அதன் பரவலை மட்டுமே காட்டும் என்றார் அவர். வகுப்பில் அது எவ்வளவு ஆழமாக இறங்கியது, தொடக்க வேகம் அடங்கிய பிறகும் நீடிக்கிறதா, அதன் உடைமை வெளியாரிடமிருந்து ஆசிரியர்களுக்கும் பள்ளிகளுக்கும் மாறியதா என்று மேலும் மூன்றைப் பார்க்கச் சொன்னார். ஹோஷங்காபாத் முதல் இரண்டில் வெகுதூரம் சென்றது. மூன்றாவதில் ஆசிரியர்கள் கருத்தாளர்களாகவும் வினாத்தாள் தயாரிப்பவர்களாகவும் ஆனவரை சென்றது. திட்டம் வாழ்வதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் அவர்களிடம் வரவே இல்லை.

செலவிட வேண்டிய இடம்

தமிழ்நாட்டில் இதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. வட்டார வள மையங்கள், குறுவள மையங்கள், ஆசிரியப் பயிற்றுநர்கள், சனிக்கிழமைக் கூட்டங்கள் என்று ஹோஷங்காபாத் பாடுபட்டு உருவாக்க வேண்டியிருந்த அமைப்பு இங்கே ஆணையாகவே உள்ளது. அந்தக் கூட்டங்களின் பொருளை மாற்றுவதே மிச்சம். மேலிருந்து வரும் சுற்றறிக்கையையும் காணொலியையும் கீழே கடத்தும் நாளாக இல்லாமல், சென்ற மாதம் வகுப்பில் தோற்ற செயல்திட்டத்தை நான்கு ஆசிரியர்கள் மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்கும் நாளாக அது ஆக வேண்டும். பிள்ளைகள் செய்த வேலையின் மாதிரிகளை அங்கே கொண்டுவரலாம். பயிற்றுநர் பள்ளிக்குப் போகும்போது பதிவேட்டைச் சரிபார்ப்பதற்குப் பதில் ஒரு பாடவேளை முழுவதும் பிள்ளைகளோடு உட்காரலாம். ஆண்டுத் தேர்வின் வினாத்தாளில், செய்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய கேள்விகள் சிலவாவது இடம்பெறலாம்.

இவை எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. ஆனால் பொறுமை தேவை. முதல் ஆண்டு முடிவில் பலனைக் கேட்டு அவசரப்படாத நிர்வாகமும், ஓர் ஆட்சிக்காலத்தைத் தாண்டி நிற்கும் ஆணையும் தேவை. புதிய கற்பித்தல் திட்டம் அறிவிக்கப்படும்போது ‘எத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்ற எண்தான் செய்தியாகிறது. அது நட்டவற்றின் எண்ணிக்கை மட்டுமே. டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில், செயல்திட்டம் பாதியில் நின்று வகுப்பு குழம்பிக் கிடக்கும்போது அந்த ஆசிரியர் யாரிடம் போய்ப் பேசுவார் என்று திட்டத்தின் ஆவணத்தில் எழுதியிருக்கிறதா? அந்த வரி இல்லாத திட்டம், பயிற்சி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், மீண்டும் ஸ்டேஷனரி கடைக்கே வழிகாட்டும்.